இருபத்தொரு நீலத் தாள்கள்

ஜூன் 3, செவ்வாய்

ரெசின் பசை விற்பவர் இலவசமாகக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘ஒட்டினால் பிரியாது’ என்று அச்சடித்திருக்கிறார்கள். குடும்ப விஷயம் எழுத இதைவிடப் பொருத்தமான காகிதம் கிடைக்காது. ஐந்து மாதம் டீக் கோப்பைக்கு அடியில் கிடந்ததை இன்றுதான் எடுத்தேன். காரணம் தொண்டை டாக்டர். “குரல் கம்மிப்போயிருக்கு. பேச்சைக் குறைங்க. சொல்லணும்னு தோணுறதை எழுதி வைங்க” என்றார். அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் சொல்ல நினைப்பதையெல்லாம் எழுதினால் ஒரு டைரி போதுமா?

சரி, முறையாக ஆரம்பிக்கிறேன். வயது நாற்பத்தெட்டு. பதினாறு வருடம் பள்ளிச் சீருடை தைத்தேன். கடந்த ஆறு வருடமாக மோட்டார் சைக்கிளுக்குத் தைக்கிறேன். கொழுந்தன் வைத்திருக்கும் பட்டறையில் கார்பன் ஃபைபரில் மட்கார்டு, செயின் கவர், வால் மூடி எல்லாம் செய்கிறோம். அதுவும் துணிதான். ரெசினில் ஊறிய கறுப்புத் துணி சுருளாக வரும். கெட்டுப்போகாமல் ஃப்ரீசரில் வைப்போம். அளவாக வெட்டி, அச்சில் அடுக்கடுக்காக ஒட்டி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்சி, ஓவனில் வேகவைத்தால் இரும்பையே முறைத்துப் பார்க்கும் பொருளாக வெளியே வரும்.

“வெட்டுறது, வேகவைக்கிறது. உங்களுக்கு ரெண்டும் வருமே, அண்ணி” என்றுதான் கொழுந்தன் வேலைக்குக் கூப்பிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், “வெட்டுறது நல்லா வரும்” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 5, வியாழன்

மருந்துக்கடைக்காரர் வந்தார். செயின் கவர் வேண்டுமாம். மாதிரியைக் கையில் எடுத்து அப்பளம் மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“என்ன தடிமன்மா இது?”

“ஒரு மில்லி, சார்.”

“ஒரு மில்லியா! என் கடை மாத்திரை அட்டையே இதைவிட கனமா இருக்கும்.”

கொழுந்தன் பொறுமையாக விளக்கினான். அவன் பொறுமையைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வரும். “பலம் தடிமன்ல இல்ல, சார். ஒரு லேயர் கால் மில்லிதான். நூல் எந்தப் பக்கம் ஓடுது, லேயருக்கு லேயர் சரியா ஒட்டியிருக்கா, இதுதான் பலம். நாலு லேயர் ஒழுங்கா ஒட்டினா போதும்.”

அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கடைசியில், “எல்லாம் சரிதான். நீங்க தடியாவே போடுங்க” என்றார். பத்து அடுக்கு, இரண்டரை மில்லி என்று முடிவானது. போகும்போது என்னைப் பார்த்து, “தடிமன்தாம்மா பலம்” என்றார் மறுபடியும்.

அப்படியென்றால் எங்கள் வீட்டில் நான்தான் பலசாலி.

ஜூன் 7, சனி

நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் இவள் கடைசித் தங்கை. கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. நாற்பத்து மூன்று வயது. இரண்டு வருடம் முன்பு ஒரு பழைய பந்தய வண்டி வாங்கினாள். அன்றிலிருந்து வாரக்கடைசியானால் டிராக்கில்தான் இருப்பாள். தோல் உடையும் ஹெல்மெட்டுமாக அவள் வாசலில் வந்து நின்றால், கேஸ் சிலிண்டர் நடந்து வருவதுபோல் இருக்கும். (இதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். “உங்களுக்கு அந்த உடையே நுழையாது, அண்ணி” என்றாள். ஒன்றுக்கு ஒன்று.)

எனக்கும் அவளுக்கும் கணக்கு இருபத்திரண்டு வருடமாக ஓடுகிறது. நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், நான் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, “டீத்தூள் தீந்துபோச்சா, அண்ணி?” என்று கேட்டவள். நான் மறக்கவில்லை. அவளும் மறக்கவிடவில்லை.

வண்டியின் முன் மட்கார்டு விரிசல் விட்டுவிட்டதாம். இருபத்திரண்டாம் தேதி பந்தயம். அதற்குள் கார்பன் ஃபைபரில் புதிது வேண்டுமாம்.

“நீங்களே போடுங்க, அண்ணி. சின்னண்ணன் வேண்டாம். அவரு போன்ல பேசிக்கிட்டே வேலை பார்ப்பாரு.”

“என்மேல அவ்வளவு நம்பிக்கையா?”

“உங்க கைமேல. வாய்மேல இல்ல.”

ஜூன் 9, திங்கள்

மட்கார்டும் செயின் கவரும் ஒரே மூச்சில் அடுக்கி முடித்தேன். மட்கார்டுக்கு முழுசாக நாலு அடுக்கு. வண்டியோடு சேர்த்து முடுக்கும் போல்ட் துளை நாலு. ஒவ்வொரு துளைக்கும் பிஸ்கட் அளவில் இரண்டு ஒட்டுத் துண்டு. ஆக மொத்தம் பன்னிரண்டு. செயின் கவருக்குப் பத்து.

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு துணித் துண்டின் முதுகிலும் நீல பாலிதீன் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். ஒட்டுவதற்கு முன் அதை உரித்து, மேசைக்கு மேலே இருக்கும் கொக்கியில் குத்த வேண்டும். வேலை முடிந்ததும் தாள்களை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். எத்தனை துண்டோ அத்தனை தாள். ஒன்று குறைந்தால் அது உள்ளேயே போய்விட்டது என்று அர்த்தம். தாளுக்கு மேலே இருக்கும் அடுக்கு கீழே இருப்பதோடு சேராது; பார்க்க ஒன்றாக இருக்கும், உள்ளே தனித்தனிக் குடித்தனம்.

இன்று டாக்டர் சொன்னதைக் கொஞ்சம் மீறிவிட்டேன். பாலிஷ்காரர் பக்கத்து மேசையில் இருந்தார். அவருக்கு இடது காது கேட்காது. வலது காதுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சொல்ல வேண்டும். எங்கள் மேல்வீட்டு ஓய்வுபெற்ற கணக்கர் கதையைச் சொன்னேன். மனிதர் விக் வைத்திருப்பது தெருவுக்கே தெரியும், தெரியாது என்று நினைப்பவர் அவர் ஒருவர்தான். போன வாரம் அதை அலசிக் கொடியில் காயப்போட்டிருக்கிறார். காற்று அள்ளிக்கொண்டு போய்க் கீழ்வீட்டு அம்மாவின் சமையலறை ஜன்னலில் போட்டுவிட்டது. அந்த அம்மா என்னவோ ஏதோ என்று துடைப்பத்தை எடுத்து —

இந்த இடத்தில் கொழுந்தன் உள்ளே வந்துவிட்டான். கதை அந்தரத்தில் நின்றது. பாலிஷ்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பாவம்.

முடித்துவிட்டுத் தாள் எண்ணினேன். இருபத்தொன்று வந்தது. இருபத்திரண்டு இருக்க வேண்டும். குனிந்து தேடினேன், இல்லை. இந்தச் சின்னத் தாள்கள் செருப்பில் ஒட்டிக்கொள்ளும். போன மாதம் ஒன்றை முதுகில் ஒட்டியபடியே பஸ்ஸில் வீடுவரை கொண்டுவந்தேன், வீட்டுக்காரர்தான் விலைச்சீட்டு மாதிரி உரித்தெடுத்தார். இன்றும் அப்படி எங்காவது ஒட்டிக்கொண்டு போயிருக்கும். நோட்டில் 22 என்று எழுதினேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஓவனைத் திறந்தோம். இரண்டும் கண்ணாடி மாதிரி வந்திருக்கின்றன. என் கண்ணே பட்டுவிடும்.

வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். மட்கார்டு ஒரு மில்லி. துளைகளைச் சுற்றி ஆறு அடுக்கு, ஒன்றரை மில்லி. மூன்று துளை கச்சிதமாக ஒன்றரை. இடது பின் துளை மட்டும் 1.6! சாயங்காலம் நாத்தனார் எடுத்துப்போக வந்தாள். சும்மா விடுவேனா? “உனக்குன்னு இடது பக்கம் கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன்” என்று அளந்து காட்டினேன். வெர்னியரால் கொஞ்சம், வாயால் மிச்சம்.

அவள் மட்கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அழகா இருக்கு, அண்ணி” என்றாள். பின்னால் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஜூன் 14, சனி

நாத்தனார் டிராக்கிலிருந்து போன் செய்தாள். பன்னிரண்டு சுற்று ஓட்டினாளாம். பின்னால் வண்டிகள் கத்துகிற சத்தத்தில் அவளும் கத்தினாள். “எல்லாரும் யாரு போட்டதுன்னு கேக்குறாங்க! எங்க அண்ணின்னு சொன்னேன்! இடது பக்கம் ஸ்பெஷல் ஸ்ட்ராங்குன்னும் சொல்லிட்டேன்!”

வீட்டுக்காரரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அவர் செய்தித்தாளை இறக்காமலே, “இடது பக்கம்தானே?” என்றார்.

ஜூன் 16, திங்கள்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

காலையில் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பழைய தையல்கடைத் தோழியோடு பேசியபடியே, வீட்டுக்காரருக்கு ரொட்டியில் சீஸ் வைத்துக் கொடுத்தேன். அவர் கடித்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். பிறகு வாயிலிருந்து மந்திரவாதி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாளை இழுத்தார். சீஸ் துண்டைச் சுற்றியிருந்த தாள். உரிக்க மறந்திருக்கிறேன்.

“ரொட்டி கொஞ்சம் தடிமனா இருக்கேன்னு நினைச்சேன்” என்றார்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பாத்திரம் கழுவப் போனேன். குழாயைத் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

இருபத்தொன்று.

1.6.

ஐயோ — அது பலம் இல்லடி, தாளு! பிஸ்கட் அளவு நீலத் தாளு! ஒட்டுத் துண்டுக்கு அடியில தாளோட வச்சிருக்கேன். அளந்து வேற காட்டுனியே, பெருமையா! அந்த இடம் பிரிஞ்சா போல்ட்டு பிச்சுக்கிட்டு வரும். மட்கார்டு சக்கரத்துமேல விழும். ஓடுற சக்கரத்துல மாட்டினா வண்டி குட்டிக்கரணம்தான். அதுமேல அவ உட்கார்ந்திருப்பா.

ஒருவேளை செயின் கவரில் இருக்கலாம். ஒருவேளை நிஜமாகவே செருப்பில் ஒட்டிப் போயிருக்கலாம். ஒருவேளை.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் யாரும் வருவதற்கு முன் பட்டறைக்குப் போனேன். தாள் உள்ளே இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு: நாணயத்தால் தட்டிக் கேட்பது. நன்றாக ஒட்டியிருந்தால் ‘டிங்’. உள்ளே பிரிந்திருந்தால் ‘டொப்’. மருந்துக்கடைக்காரரின் செயின் கவரை அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். டிங், டிங், டிங். எல்லா இடமும் சரியாக இரண்டரை மில்லி. கோயில் மணிகூட இவ்வளவு சுத்தமாக அடிக்காது. அப்படியானால் தாள் மட்கார்டில்தான்.

சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்குப் போனேன், சும்மா பார்க்க வந்ததுபோல. அவள் டீ போட உள்ளே போனதும் வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு நழுவினேன். மண்டியிட்டுத் தட்டினேன். வலது முன், டிங். வலது பின், டிங். இடது முன், டிங். இடது பின் —

டொப்.

மறுபடி தட்டினேன். டொப். நாணயத்தை மாற்றிப் பார்த்தேன். பெரிய நாணயத்துக்கும் டொப்தான்.

“வண்டிக்குப் பவர் பாக்குறீங்களா, அண்ணி?”

வாசலில் இரண்டு கோப்பையோடு நிற்கிறாள். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். என் வாய்தான், எதற்கெல்லாமோ திறக்கிற வாய்! “கம்மல் விழுந்துடுச்சு” என்றது.

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு டார்ச் எடுத்துவந்தாள். இரண்டு பேரும் கால் மணி நேரம் தரையில் தவழ்ந்து தேடினோம். முழங்காலெல்லாம் எண்ணெய்க் கறை. கடைசியில் அவள் நிமிர்ந்து டார்ச்சை என் முகத்தில் அடித்தாள். “அண்ணி. ரெண்டும் காதுலதான் இருக்கு.”

“அட, ஆமா” என்றேன். டீயைக் குடித்தேன். வந்துவிட்டேன்.

நாளை சாயங்காலம் அவளுக்கு மறுபடி பயிற்சி. என்னடி செய்யப் போகிறாய்?

இதில் வெட்கம்கெட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த டைரியிலாவது எழுதுகிறேன். பயத்தில் பாதி அவளுக்கு என்ன ஆகுமோ என்பது. மீதிப் பாதி, சொன்னால் என்ன ஆவேன் என்பது. இருபத்திரண்டு வருடமாக அவளை மட்டம் தட்டுவதே என் பொழுதுபோக்கு என்று குடும்பத்துக்கே தெரியும். நாத்தனார் மட்கார்டில் அண்ணி விட்ட ஓட்டை! தெரியாமல் நடந்தது என்று யார் நம்புவார்கள்? நானே பக்கத்து வீட்டில் இப்படி ஒன்று நடந்ததாகக் கேள்விப்பட்டால் நம்புவேனா? நாலு பேரிடம் சொல்லி, ஐந்தாவது ஆளிடம் கூடச் சேர்த்தும் சொல்லியிருப்பேன்.

ஜூன் 18, புதன்

சொல்லிவிட்டேன்.

போனில் சொல்ல வரவில்லை. கண்ணாடிக் கடைக்கே போனேன். கடையில் கூட்டம் இருந்தது. நான் தயங்கி நின்றதைப் பார்த்த நாத்தனார், கண் பரிசோதனைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, என்னை உள்ளறை நாற்காலியில் உட்காரவைத்து, அந்தக் கனமான இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டாள். எதிரே எழுத்துப் பலகை. ஒரு கண் மூடியிருந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது. அவள் முகத்தில் பாதிதான் தெரிந்தது.

“மூணாவது வரி படிங்க, அண்ணி.”

“மட்கார்டு இடது பின் துளையில தாள் ஒண்ணு உள்ள இருக்கு. நான்தான் விட்டுட்டேன். எண்ணினப்போ ஒண்ணு குறைஞ்சுது, இருபத்திரண்டுன்னு எழுதிட்டேன். அதுல இனிமே ஏறாத.”

அவள் கையிலிருந்த வில்லையைச் சட்டத்தில் செருகினாள். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

“இப்ப?”

“நல்லா தெரியுது.”

“எப்பலேருந்து தெரியும்?”

“திங்கக்கிழமை சந்தேகம். நேத்து சாயங்காலம் உறுதி.”

“நேத்து கம்மல் தேடினோமே...”

“ஆமா.”

“நானும் தேடினேன், அண்ணி. முட்டி போட்டு.” குரல் லேசாக உடைந்தது. “சனிக்கிழமை பன்னெண்டு சுத்து ஓட்டினேன் அதுல. அது தெரியாம நடந்தது, விடுங்க. நேத்து தெரிஞ்சும் டீ குடிச்சிட்டு போனீங்க பாருங்க.”

அந்தச் சட்டத்தைப் போட்டுக்கொண்டு அழவும் முடியாது. மூக்கு வலிக்கும். இருந்தாலும் வந்தது.

அவள் சட்டத்தைக் கழற்றினாள். துடைக்கிற துணியை, வில்லை துடைக்கிற மெல்லிய துணியைக் கையில் கொடுத்தாள். “இருபத்திரண்டு வருஷத்துல ‘நான் பண்ணது தப்பு’ன்னு நீங்களா வந்து சொன்னது இதான் முதல் தடவை.”

“குறிச்சு வச்சுக்கோ.”

“வச்சுட்டேன்” என்றாள். நிஜமாகவே என் பவர் அட்டையின் மூலையில் தேதி போட்டு எழுதியிருக்கிறாள். அட்டை என்னிடம்தான் இருக்கிறது. கண்ணாடியும் மாற்ற வேண்டுமாம். தாளை எண்ணும்போது கண்ணும் சதி செய்திருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். “கண்ணு இருபத்தொண்ணுன்னு சரியாத்தான் எண்ணியிருக்கு. கைதான் மாத்தி எழுதியிருக்கு” என்றாள்.

அதன் பிறகு கொழுந்தனிடம் போய்ச் சொன்னேன். அவன் கத்தவில்லை. நோட்டை எடுத்தான், 22-ஐ அடித்து 21 என்று எழுதினான். பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டான். “நானும் எண்ணிப் பாத்திருக்கணும், அண்ணி. எண்ணல” என்றான். கத்தியிருந்தால் தேவலை.

புதுத் துணி வர இருபத்தைந்தாம் தேதி ஆகும். ஃப்ரீசரில் இருப்பது வெட்டித் தள்ளிய மிச்சம் மட்டும்தான். பந்தயம் ஞாயிறு. நாத்தனாரின் பழைய மட்கார்டோ விரிசல் விட்டது. அதை மாட்டினால் டிராக்கில் சோதனை செய்பவர்கள் உள்ளேயே விடமாட்டார்கள்.

ஜூன் 19, வியாழன்

பதினாறு வருடம் சீருடை தைத்தவளுக்கு மிச்சத் துணி ஒரு விஷயமா?

காலையில் எல்லா மிச்சத்தையும் மேசையில் பரப்பினேன். செய்தித்தாளில் மட்கார்டின் அளவு வெட்டி வைத்துப் பார்த்தேன். நேராக வெட்டினால் மூன்று அடுக்குக்குத்தான் தேறும். கொழுந்தன் உதட்டைப் பிதுக்கினான். “மூணு போதாது, அண்ணி. பந்தயத்துக்கு வேண்டாம்.”

பாவாடைக்குச் சுற்று வர வேண்டுமென்றால் துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்டுவோம். அதுபோல ஒரு மிச்சத்தைத் திருப்பினேன். முழு அடுக்கு ஒன்று அதிலேயே வந்துவிட்டது. இன்னொன்றை இரண்டு துண்டாக வெட்டி, போல்ட் துளைகளுக்குத் தொலைவில் நடுவே இரண்டு விரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இணைக்கலாம். ஆக இரண்டு அடுக்கு நேராக, இரண்டு அடுக்கு குறுக்காக, மொத்தம் நாலு. கொழுந்தன் கணக்குப் போட்டுப் பார்த்தான். “அண்ணி, நூல் ரெண்டு பக்கமும் ஓடுது. முறுக்கினா முன்னதைவிட இது நல்லா தாங்கும்” என்றான். அவன் பொறுமையைப் பார்த்து இன்று கொட்டாவி வரவில்லை.

மதியம் நாத்தனார் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். பழைய, அதாவது போன வாரத்துப் ‘புது’ மட்கார்டைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். கொழுந்தன் அதை இடுக்கியில் மாட்டி, இடது பின் துளையில் போல்ட்டைப் போட்டு இழுத்தான். பெரிய பலமெல்லாம் தேவைப்படவில்லை. சடசடவென்று உரிந்தது. உள்ளே பளபளவென்று நீலம். பிஸ்கட் அளவு. கொஞ்சமும் கசங்காமல், நான் வைத்தபடியே.

நாத்தனார் அந்தத் தாளை எடுத்து மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

“எதுக்குடி அது?”

“இருக்கட்டும். டீ நல்லா இல்லைன்னு நான் சொல்லி நீங்க சண்டைக்கு வந்தா எடுத்துக் காட்டுறேன்.”

அப்புறம் அடுக்க ஆரம்பித்தேன். பேசவே இல்லை. டாக்டர் பார்த்திருந்தால் பரிசே கொடுத்திருப்பார். பாலிஷ்காரர் இரண்டு முறை வலது காதைக் காட்டி நின்றுபார்த்தார், கையசைத்து அனுப்பிவிட்டேன். நாத்தனார் கொக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் உரிக்கிற ஒவ்வொரு தாளையும் வாங்கிக் குத்தினாள். ஓர் அடுக்கு இரண்டு துண்டு என்பதால் கடைசியில் பதிமூன்று இருக்க வேண்டும். பதிமூன்று இருந்தது. அவள் எண்ணினாள், நான் எண்ணினேன், கொழுந்தன் எண்ணினான். பாலிஷ்காரரும் வந்து எண்ணினார், எதற்கென்று தெரியாமலேயே.

ஜூன் 20, வெள்ளி

எல்லாத் துளையும் ஒன்றரை மில்லி. இடது பின் துளையும்தான். போனதைவிட ஒரு புள்ளி குறைவு.

டிங், டிங், டிங், டிங்.

ஜூன் 22, ஞாயிறு

பட்டறை மொத்தமும் டிராக்குக்குப் போனோம். வீட்டுக்காரர் குடை கொண்டுவந்தார், வெயிலும் இல்லை மழையும் இல்லை. பதினாலு வண்டி. கேஸ் சிலிண்டர் கம்பீரமாகக் கிளம்பியது.

ஐந்தாவது சுற்றுவரை எட்டாவது இடம். ஆறாவது சுற்றில், மெதுவாகத் திரும்ப வேண்டிய வளைவில், பாதையை விட்டுச் சரளைக்கல்லில் இறங்கினாள். வண்டி முன்னால் குத்தியது, சாய்ந்தது. அவள் விழுந்தாள். நான் எழுந்து நின்றேனா, கத்தினேனா, தெரியாது. குரல் இப்போது சுத்தமாக இல்லை. வீட்டுக்காரர் மணிக்கட்டில் என் நகம் பதிந்த தடம் நாலு இருக்கிறது.

எழுந்துவிட்டாள். வண்டியை நிமிர்த்தினாள், ஏறினாள், ஓட்டி முடித்தாள். பதிமூன்றாவது இடம். பதினாலாவது ஆள் பாதியிலேயே வண்டி நின்று போனவர்.

ஓடிப்போய் முதலில் அவளைத்தான் தடவிப் பார்த்தேன். கை, கால், முதுகு. “ஒண்ணும் இல்ல அண்ணி, முழங்கையில சிராய்ப்பு” என்றாள். அடுத்து மட்கார்டு. முன் நுனியில் கல் செதுக்கிய பள்ளம் ஒன்று, நகம் போகும் ஆழம். பர்ஸைத் துழாவினேன். நாணயம் வீட்டில்.

“இந்தாங்க” என்று அவளே ஒன்றை நீட்டினாள். உடைக்குள் வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறாள்.

நாலு துளையையும் தட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்து அவளும் காதை வைத்துக் கேட்டாள். டிங். டிங். டிங். கடைசித் துளையில் என் கை நின்றது. அவள் என் கையைப் பிடித்துத் தட்டவைத்தாள்.

டிங்.

பழையதாக இருந்திருந்தால் — வேண்டாம், எழுத மாட்டேன்.

பிளாஸ்கில் டீ கொண்டுபோயிருந்தேன். இரண்டு கோப்பை குடித்தாள். அவள் வாயைத் திறந்தபோது, “சொல்லிடாத” என்றேன். “சர்க்கரை கம்மின்னுதான் சொல்ல வந்தேன்” என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

மருந்துக்கடைக்காரர் செயின் கவரை வாங்கிக்கொண்டார். வெர்னியரை அவரே வைத்து அளந்தார். இரண்டரை! முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா? இதான் பலம்” என்றார்.

நான் பேசவில்லை. டாக்டர் உத்தரவு.

ஜூலை 5, சனி

புதுத் துணி வந்து பத்து நாளாகிவிட்டது. நாத்தனார் நண்பர்கள் நாலு பேர் மட்கார்டு கேட்டிருக்கிறார்கள். அவள் விழுந்து எழுந்ததைப் பார்த்தே விளம்பரம் ஆகிவிட்டது. டிராக் இல்லாத சனிக்கிழமைகளில், மதியம் கடை விடுமுறை என்று அவளும் பட்டறைக்கு வந்துவிடுகிறாள். சும்மா உட்காரப் பிடிக்கவில்லையாம்.

அந்த நாலில் முதலாவது மட்கார்டை இன்று அடுக்க உட்கார்ந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இரண்டு அடுக்கு ஆனது. மூன்று ஆனது. கொக்கிக்குப் பக்கத்தில் நின்றவள் பெருமூச்சு விட்டாள்.

“அண்ணி, இப்படி உம்முனு இருந்தா எனக்குத் தூக்கம் வருது. அந்த விக் கதை என்னாச்சு? பாலிஷ்காரர் துடைப்பம் வரைக்கும்தான் சொன்னாரு.”

“வேலை நேரத்துல பேச மாட்டேன்.”

“நீங்க பேசுங்க. நான் எண்ணுறேன். நாலு.”

அவள் முகத்தைப் பார்த்தேன். தாளுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பாலிஷ்காரர் ஏற்கெனவே வலது காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்துவிட்டார்.

சொன்னேன். “கீழ்வீட்டம்மா ஏதோ காட்டு எலின்னு நினைச்சு துடைப்பத்தால நாலு சாத்து சாத்திட்டாங்க. கொஞ்ச நேரத்துல மேலேருந்து இவரு இறங்கி வராரு, தலையில துண்டு.”

“ஏழு. வந்து?”

“‘எங்க பூனையை பாத்தீங்களா’ன்னு கேட்டாரு.”

பாலிஷ்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். நாத்தனார் எட்டாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டே குலுங்கினாள். “எட்டு. அந்தம்மா?”

“அவங்க அப்படியே உருகிட்டாங்க. ‘மன்னிச்சுடுங்க, சார். உங்க பூனைன்னு தெரியாம அடிச்சுக் கொன்னுட்டேன்’னு ஒரே அழுகை. இவரும் வேற வழியில்லாம கொஞ்சம் அழுதாரு. போன வாரம் புதுப் பூனை வந்துடுச்சு. இதுக்கு நடு வகிடு.”

சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது. கொழுந்தன் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைசித் துண்டை ஒட்டினேன்.

“இருங்க, பையில போடாதீங்க” என்றாள் நாத்தனார். கொக்கியிலிருந்த தாளையெல்லாம் மொத்தமாக எடுத்தாள். மேசையில் ஒவ்வொன்றாகப் போட்டு, உதட்டை அசைத்து, முதலிலிருந்து எண்ணினாள். நானும் கூடவே எண்ணினேன், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

பன்னிரண்டு. நோட்டில் அவள் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு டீ போடப் போனேன், டீத்தூள் கொஞ்சம் தாராளமாகவே.